கிருமியைத் தேடாமல் சமையலரைத் தேடியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டப் பொது சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கு,

எங்கள் மாணவியர் விடுதியில் பரவிய வாந்தி, வயிற்றுப்போக்கு குறித்து நீங்கள் அளித்த அறிக்கையைப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். கெட்டுப்போன உணவே காரணம், சமையற்கூடத்தில் தூய்மை போதாது என்று முடிகிறது. அந்த இரண்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி நிர்வாகம் மறுநாளே எங்கள் சமையலரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அந்த விடுதியின் காப்பாளர் நான். நேரில் வந்து முறையிட்டேன். "கோப்பை முடித்தாயிற்று, அம்மா" என்றார்கள். முடித்த கோப்பைத் திறக்க வேறு வழி தெரியாததால், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். சோற்றிலும் சாம்பாரிலும் எடுத்த மாதிரிகளில் நோய்க்கிருமி இல்லை. குடிநீர்த் தொட்டியில் கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இல்லை. பிள்ளைகளின் மல மாதிரிகளில் காலரா இல்லை, சால்மோனெல்லா இல்லை, ஷிகெல்லா இல்லை. ஆய்வகத்திலிருந்து வந்தது எல்லாமே 'இல்லை'. இத்தனை 'இல்லை'களைக் கூட்டினால் 'உணவே காரணம்' என்ற விடை எப்படி வருகிறது? நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள், எனக்கு வரவில்லை. நீங்கள் தேடியது பாக்டீரியாவை மட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ போன்ற வைரஸாக இருக்குமோ என்ற கேள்வி அறிக்கையில் எங்கேயும் இல்லை. அதைவிடப் பெரிய குறை: யார் யாருக்கு வந்தது, எந்த வரிசையில் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கேள்வியே அதில் இல்லை.

அந்தக் கேள்விக்கான விடை என் மேசையில் இருந்தது. விடுதியில் நோய்ப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், அறை எண், எந்த வேளையில் தொடங்கியது, வாந்தியா பேதியா, எப்போது நின்றது என்று கோடு போட்டு எழுதுவது வழக்கம். ஆய்வுக்கு வந்த குழுவினரிடம் அதை நீட்டினேன். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு சமையற்கூடத்துக்குள் போனார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு பார்க்கவே இல்லை.

நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்பிய ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் தம்பிக்கு அந்த வாரம் முழுக்க வாந்தி என்று பின்னால் தெரிந்தது. திங்கள் மாலைப் படிப்பு நேரத்தில், கூடத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வெளியே ஓடுவதற்குள் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். பீறிட்டு வந்த வாந்தி. முன் வரிசைப் பிள்ளையின் பின்னலில் பட்டது. பக்கத்துப் பிள்ளைகள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆயா மணலைக் கொட்டி அள்ளினார். ஃபினாயில் கலந்த வாளியில் மாப்பை முக்கித் துடைத்தார். அதே வாளி, அதே மாப் அடுத்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் எந்த விடுதிக்குப் போனாலும் இதுதான் நடக்கும். வேறு எப்படிச் செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

செவ்வாய் பகல் முழுக்க எல்லோரும் நலம். செவ்வாய் இரவு உணவு முடிந்த பின் தொடங்கியது. முதலில் அவளுக்கு இருபுறமும் இருந்த பிள்ளைகள். அடுத்து முன் வரிசை, பின் வரிசை. விடிவதற்குள் அவள் அறைத் தோழியர் சிலர். புதன் இரவில் மற்ற அறைகள். படிப்புக் கூடத்தின் இருக்கை வரைபடத்தை நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடந்தது கண்ணுக்குத் தெரியும். திங்கள் மதியம் நாங்கள் சாப்பிட்ட அதே சோற்றையும் சாம்பாரையும், வீட்டிலிருந்து வந்து போகும் மாணவியரும் அதே பந்தியில் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்ட உணவுக்கு விடுதிப் பிள்ளை யார், வீட்டுப் பிள்ளை யார் என்று பார்த்துப் பிடிக்கத் தெரியுமா?

ஆய்வகமே இல்லாத இடத்திலும் இதை ஊகிக்க ஒரு வழி உண்டு. 1982இல் கேப்லன் என்ற ஆய்வாளரின் குழு வகுத்துக் கொடுத்த அளவுகோல் அது. நோயுற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாந்தி. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்று முதல் இரண்டு நாள். நோய் நீடிப்பது 12 மணி முதல் 60 மணி நேரம். மல மாதிரியில் பாக்டீரியா கிடையாது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் நோரோ வைரஸைச் சந்தேகி என்பது அதன் பொருள். எங்கள் நோட்டு முதல் மூன்றையும் சொல்கிறது. நான்காவதை உங்கள் அறிக்கையே சொல்கிறது. நோரோதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்ய வேண்டியது வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை, அதைத்தான் நீங்கள் செய்யவில்லை.

வாந்தி எடுத்த இடத்தைச் சுற்றி நோய் பரவுவது என் கற்பனை என்று நினைப்பீர்களானால் ஒரு பழைய நிகழ்வைச் சொல்கிறேன். 1998 டிசம்பரில் இங்கிலாந்தில் ஓர் ஓட்டல் விருந்து. 126 பேர் ஆறு மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்மணி மேசையிலேயே வாந்தி எடுத்தார். அவர் மேசையில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு படுத்தார்கள். மேசை தள்ளிப் போகப் போக எண்ணிக்கை குறைந்து, கடைசி மேசையில் நான்கில் ஒருவராயிற்று. எல்லோரும் சாப்பிட்டது ஒரே விருந்து. யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதால்தான் காற்றில் தெறித்த திவலைகளின் வேலை என்று கண்டுபிடித்தார்கள். அங்கே சமையல்காரரைப் பிடித்து நிறுத்தியிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது.

இனி எங்கள் சமையலர். பிள்ளைகள் சமையல் அக்கா என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் நோய் இருந்தது என்று கண்டறிந்ததாக எழுதி, அதையே சான்றாக நிறுத்தியிருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தீர்களா? அவர் படுத்தது வெள்ளிக்கிழமை; முதல் பிள்ளை வாந்தி எடுத்து நான்கு நாள் கழித்து. புதன்கிழமை ஆயாவும் படுத்துவிட்டதால், அழுக்கான படுக்கை விரிப்புகளையெல்லாம் துவைக்கும் கல்லில் போட்டு அலசியவர் சமையல் அக்கா. அது அவர் வேலை இல்லை. யாரும் சொல்லாமல் செய்தார். நோயுற்றவரின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் துகள்கள் இருக்கும். நூறுக்கும் குறைவான துகள்கள் உள்ளே போனாலே போதும். அவர் நோயைக் கொடுத்தவர் இல்லை, எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டவர். நோய்வாய்ப்பட்ட சமையலர் தொட்ட உணவில் நோரோ பரவும் என்பது உண்மைதான். உலகெங்கும் அப்படிப் பரவியிருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்ல, அவர் முதலில் படுத்திருக்க வேண்டும்.

உங்கள் படிவத்தில் 'பாதிக்கப்பட்ட மாணவியர்' என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. ஆயா அதில் இல்லை. எழுபதைத் தாண்டிய எங்கள் இரவுக் காவலாளியும் இல்லை. பிள்ளைகள் இரண்டே நாளில் எழுந்து ரசஞ்சோறு கேட்டார்கள். காவலாளிக்கோ உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றி, சிறுநீர் இறங்காமல், நாக்கு உலர்ந்து பேச்சுக் குழறி, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைக்கும்படி ஆயிற்று. எல்லோரிலும் அதிகம் அடிபட்டவர் அவர். அரசுக் கணக்கில் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோரோ வைரஸில் யாருக்கு வருகிறது என்பதே எந்த வகை வந்திருக்கிறது என்பதற்கான துப்பு. 1968இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் பிடிபட்டு, 1972இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் ஒற்றை வைரஸ் அன்று. பத்துத் தொகுதிகளும் அவற்றுக்குள் ஏறத்தாழ ஐம்பது வகைகளும் உண்டு. 1990களின் நடுவிலிருந்து உலகை ஆண்டது ஜி2.4 என்ற வகை. அது சும்மா இருப்பதில்லை. ஓர் உருவத்தை மக்களின் உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகும்போது, சில ஆண்டுகளில் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வரும். 2002, 2004, 2006, 2009 என்று வரிசையாக வந்து, 2012இல் சிட்னி என்ற பெயருடன் வந்த உருவம் பத்தாண்டுக்கும் மேல் நிலைத்துவிட்டது. கைக்குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஜி2.3 போன்ற வகைகள் உண்டு. பெரும்பாலான பெரியவர்களுக்கு அவற்றின் பழைய பழக்கம் உடம்பில் இருக்கும். ஆனால் ஊருக்கே அறிமுகமில்லாத வகை வந்தால் வயது வேற்றுமை பார்க்காது. அப்போது முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் கொத்துக் கொத்தாக விழுவார்கள்.

2014–15 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் திடீரென்று தலையெடுத்த ஜி2.17 அப்படிப்பட்ட ஒன்று. ஹாங்காங்கில் அது பெரியவர்களையும் முதியவர்களையும் வழக்கத்துக்கு மாறாக மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அடங்கியது போலிருந்து, 2023–24இல் ஐரோப்பாவில் பெருகி, 2024–25இல் அமெரிக்காவில் வகை கண்டறியப்பட்ட நோய்ப் பரவல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பிடித்து, ஜி2.4ஐ ஓரங்கட்டியது. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஆய்வகப் பதிவுகள் முன்பில்லாத உயரத்துக்குப் போயின. அதில் 65 வயதைக் கடந்தவர்களே அதிகம். இதெல்லாம் அந்த நாடுகளுக்குத் தெரிந்தது எப்படி? மல மாதிரியை எடுத்து, வைரஸைத் தேடி, வகை பிரித்து, வயதோடு எழுதி வைத்ததால். நம் மாவட்டத்தில் இப்போது ஓடுவது எந்த வகை? குழந்தைகளைப் பிடிக்கும் பழைய வகையா, காவலாளியைச் சாய்த்த புதிய வகையா? உங்கள் ஒன்றரைப் பக்கத்தை எத்தனை முறை புரட்டினாலும் விடை கிடைக்காது.

யாருக்கு வரவில்லை என்பதும் பார்க்க வேண்டிய கணக்கு. முதல் பிள்ளையின் அறையில் இருவர் இரவெல்லாம் கண்விழித்து மற்றவர்களுக்கு வாளி பிடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருத்தியின் பாட்டி கொடுத்தனுப்பிய ஓமக் கஷாயம்தான் காப்பாற்றியது என்று விடுதி முழுக்கப் பேச்சு. அடுத்த முறை பாட்டியிடம் ஒரு குடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கஷாயம் இருக்கட்டும். எஃப்.யூ.டி.2 என்ற மரபணு வேலை செய்யாதவர்கள் பல நாட்டு மக்களிடையேயும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இருக்கிறார்கள். இரத்த வகையோடு தொடர்புள்ள ஒரு சர்க்கரைப் பொருள் அவர்கள் குடல் சுவரில் இருக்காது. பற்றிக்கொள்ளப் பிடி கிடைக்காததால் ஜி2.4 போன்ற வகைகள் அவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எல்லா வகைக்கும் இது பொருந்தாது. சில வகைகள் இவர்களையும் பிடிக்கும். ஆகவே தப்பியவர்களின் பட்டியலும் வைரஸைப் பற்றிப் பேசும். 'அதே உணவைச் சாப்பிட்டும் சிலருக்கு வரவில்லை, எனவே தனிப்பட்ட சுகாதாரக் குறைவு' என்று அறிக்கையில் எழுதிய கை, வாளி பிடித்த அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

சோதிக்க வசதியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அது நியாயம். இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கவே அரை நூற்றாண்டு யாராலும் முடியவில்லை. 2016இல்தான் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் மனிதக் குடல் திசுவில் வளர்த்துக் காட்டினார்கள். பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் இது எந்த நாளும் தென்படாது. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு ஆர்.டி.பி.சி.ஆர். கருவி இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் எது? 2021 செப்டம்பரில் மரபணுவை வரிசைப்படுத்தும் ஆய்வகத்தை மாநில அரசே சென்னையில் திறந்தது. டெல்டா என்றும் ஒமிக்ரான் என்றும் தெருமுனை டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டோம். அதே கருவிகள், அதே கைகள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, வயிற்றுப்போக்கு வைரஸ்களைப் பற்றி உலகமே எடுத்தாளும் ஆய்வுகளைச் செய்தது நம் மாநிலத்தில்தான். ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து வந்தது அப்படிப்பட்ட உழைப்பால். நோரோவுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. வைரஸ் வேடம் மாற்றிக்கொண்டே இருப்பது அதற்கு ஒரு காரணம். எங்கே எந்த வேடத்தில் திரிகிறது என்ற கணக்கு இல்லாமல் நாளைக்கு வரும் தடுப்பூசி நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தபோது, மாதிரிகளை ஆலப்புழையிலுள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பி நோரோ என்று உறுதிசெய்து, மக்களுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டார்கள். 2022இல் விழிஞ்ஞத்தில் இரண்டு குழந்தைகள்; 2023 ஜனவரியில் காக்கநாட்டில் ஒரு பள்ளியின் சிறு வகுப்புப் பிள்ளைகள். அங்கேயும் பெயர் சொன்னார்கள். வாளையாறு சோதனைச் சாவடியில் வைரஸ் திரும்பிப் போய்விடுகிறதா என்ன?

இன்னொன்று. உங்கள் குழு வந்துபோன மறுநாள், நோய்த்தடுப்பு நடவடிக்கை என்று ஒரு பெட்டி சானிட்டைசர் வந்தது. பிள்ளைகள் சோப்பை விட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. ஆல்கஹால் அதை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. தரைக்கு ஃபினாயில் மணம் தருமே தவிர இதற்குப் போதாது; பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். வைரஸைத் தேடியிருந்தால் எங்களுக்குப் பிளீச்சிங் பவுடரும் சோப்பும் வந்திருக்கும். தவறான காரணத்தை எழுதினால் தவறான பெட்டி வருகிறது. அடுத்த வாரம் இரண்டாம் சுற்றாகச் சிறு பிள்ளைகள் சிலர் படுத்தார்கள். அப்போது சமையற்கூடம் உங்கள் பூட்டுக்குள் இருந்தது, சாப்பாடு வெளியிலிருந்து வந்தது, சமையல் அக்கா தன் வீட்டில் இருந்தார். இந்த இரண்டாம் சுற்றைத் தொலைபேசியில் சொன்னேன். கோப்பில் சேர்க்கவில்லை.

ஆண்டுக்கு உலகில் 68 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நோரோ வருவதாகவும், அதில் 20 கோடி பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும், ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிடுகிறார்கள். இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில். வெறும் வயிற்றுப்போக்கு என்று ஒதுக்கும் நோய் இல்லை இது.

நான் கேட்பவை இவை.

எங்கள் விடுதி அறிக்கையைத் திறந்து, நோய்ப் பதிவேட்டையும் இருக்கை வரைபடத்தையும் சேர்த்து மறுஆய்வு செய்யுங்கள். 'உணவே காரணம்' என்ற வரிக்குச் சான்று இருந்தால் காட்டுங்கள்; இல்லையென்றால் அதை நீக்கி, 'காரணம் உறுதிசெய்யப்படவில்லை, வைரஸ் சோதனை செய்யப்படவில்லை' என்று எழுதி, பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். சமையலரை மீண்டும் வேலையில் சேர்க்க நிர்வாகம் கேட்பது அந்தத் தாள் ஒன்றைத்தான்.

நோயுற்றவர்கள் ஓரிருவரின் மல மாதிரி உங்கள் ஆய்வகத்தில் இன்னும் குளிரில் வைக்கப்பட்டிருக்குமானால் அதை நோரோவுக்குச் சோதியுங்கள். இனிமேல் விடுதி, அங்கன்வாடி, முதியோர் இல்லம் எதிலும் கூட்டமாக வாந்தி வந்தால், கல்ச்சருக்கு அனுப்பும்போதே ஆர்.டி.பி.சி.ஆருக்கும் ஒரு பகுதியை அனுப்ப வேண்டும் என்று ஆணையிடுங்கள். நோரோ என்று வந்தால் வகை பிரிக்கச் சென்னைக்கு அனுப்புங்கள். வகையையும் நோயுற்றோர் வயதையும் பெயர் இல்லாமல் வெளியிடுங்கள்.

படிவத்தை மாற்றுங்கள். மாணவியர் என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக, அந்த வளாகத்தில் இருந்த எல்லோரும்: ஆயா, சமையலர், காவலாளி, வயது, எந்த வேளையில் தொடங்கியது, யாருக்கு வரவில்லை. சமையலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் முன் இந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும்.

விடுதிகளுக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். வாந்தி கிடந்த இடத்தைச் சுற்றி இருப்போரை விலக்கிவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் புதிதாகக் கரைத்த பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். அந்த மாப் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக் கூடாது. சானிட்டைசர் போதாது, சோப்பு வேண்டும். நோய் நின்ற பின்னும் இரண்டு நாள் வகுப்புக்கும் சமையற்கூடத்துக்கும் வரக் கூடாது என்று தமிழில், புரியும்படி. அந்த இரண்டு நாளுக்குச் சமையலர், ஆயா இவர்களின் கூலியைப் பிடிக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கூலி போகும் என்றால் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

பதிவேட்டின் நகலும் வரைபடமும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்வேன். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியர் விடுதிக் காப்பாளர்